நேரேஷன் இல்லாத போட்டோக்கள்

பி.காம் படிக்கிற பையன் திடீர்னு ஸ்க்ராப்புக் பத்தி எழுத வந்துட்டானேன்னு பார்க்கறீங்களா? காரணம் இருக்குங்க.

போன வருஷம் எங்க பாட்டி தவறிட்டாங்க. மாலை போட ஒரு நல்ல போட்டோ வேணும்னு பீரோல இருந்த பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தோம். நூத்துக்கும் மேல போட்டோ இருந்தது. பாதியில இருக்கறது யாருன்னே எங்களுக்குத் தெரியல. தெரிஞ்ச ஒரே ஆள் பாட்டிதான்.

கணக்குப்பதிவியல்ல ஆரம்பத்துலயே சொல்லிக் கொடுப்பாங்க, குறிப்பேட்டுல ஒவ்வொரு பதிவுக்கும் கீழ நேரேஷன் எழுதணும்னு. அது இல்லைன்னா பின்னால பார்க்கறவங்களுக்கு அந்தத் தொகை எதுக்குன்னு புரியாது. எங்க டின் முழுக்க நேரேஷன் இல்லாத எண்ட்ரிகள்!

இந்த நேரேஷன் வேலையைத்தான் அமெரிக்கால நிறைய அம்மாக்கள் கூட்டமா உட்கார்ந்து செய்யறாங்க. ஸ்க்ராப்புக் அங்க ரொம்பப் பழசு. எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1873-லயே தண்ணி தொட்டா ஒட்டிக்கிற பக்கங்கள் உள்ள ஸ்க்ராப்புக்குக்குப் பேட்டண்ட் வாங்கியிருக்கார். 1980-ல சால்ட் லேக் சிட்டில நடந்த ஒரு ஆவண மாநாட்டுல மேரிலன் கிறிஸ்டென்சன்ங்கிற அம்மா, தன் குடும்பத்துக்காகச் செஞ்ச ஐம்பதுக்கும் மேலான ஆல்பங்களை வச்சுக் காட்டினாங்க. இன்னிக்கு இருக்கிற வடிவம் பரவினது அதுக்கப்புறம்தான்.

தோழிகள் ஒரு வீட்டுலயோ சர்ச் ஹால்லயோ கூடுவாங்க. இதுக்குப் பேர் 'கிராப்'. போட்டோவை அளவா வெட்டறதால வந்த பேர். வெட்டி, ஒட்டி, பக்கத்துல தேதி, இடம், நடந்த கதைன்னு நாலு வரி கையால எழுதுவாங்க. அந்த எழுத்துக்கு அவங்க வச்சிருக்கற பேர் 'ஜர்னலிங்'. எங்க பாடத்துல வர்ற அதே ஜர்னல்தான் போங்க!

"வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்க்கறவங்களுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?"ன்னு கேக்கறாங்க. நேரம் இல்லாததாலதான் கூட்டம் வேணும்ங்கறேன் நான். வீட்டுல தனியா உட்கார்ந்தா மேஜை மேல சாப்பாட்டுத் தட்டு வரும், ஹோம்வொர்க் வரும், போட்டோ திரும்பவும் டப்பாவுக்குள்ள போயிடும். தோழிங்க காத்திருக்காங்கன்னா அந்த மூணு மணி நேரம் தப்பிக்கும். அதுவுமில்லாம, "இது எப்ப எடுத்தது?"ன்னு பக்கத்துல இருக்கறவங்க கேட்டு, பதில் சொல்லும்போதுதான் என்ன எழுதணும்னே தெரியும்.

அந்த நேரத்துல அப்பா பிள்ளைகளைப் பார்த்துக்கறதை 'உதவி'ன்னு சொல்லாதீங்க. அவரோட பிள்ளைகள்தானே? அவரும் ஒருநாள் கத்தரிக்கோல் எடுத்துட்டு உட்காரலாம், தப்பே இல்ல.

இதெல்லாம் வியாபாரம்னு சொல்றவங்களும் உண்டு. பாதி உண்மை. 1987-ல ஆரம்பிச்ச கிரியேட்டிவ் மெமரீஸ் கம்பெனி, வீட்டுக் கூட்டங்கள் வழியாவே ஆல்பம் வித்து வளர்ந்தது. ஸ்டிக்கர், டிசைன் பேப்பர்னு செலவுக்கு முடிவே கிடையாது. ஆனா தேவை என்னமோ அமிலம் இல்லாத காகிதமும் பசையும், ஒரு நல்ல பேனாவும் மட்டும்தான். அமிலம் இருந்தா காகிதம் மஞ்சளாகி போட்டோவையும் கெடுத்துடும்.

என்னை அசைச்ச விஷயம் வேற. பல வீடுகள்ல போட்டோ எடுக்கறதே அம்மாதான், அதனால போட்டோல அம்மா இருக்க மாட்டாங்க. பக்கத்துல இருக்கற அந்த நாலு வரி கையெழுத்துலதான் அவங்க இருப்பாங்க. அதுக்கு மாசத்துல ஒரு சனிக்கிழமை தர மாட்டோமா?

போன்ல பத்தாயிரம் போட்டோ இருக்குன்னு சொல்லாதீங்க. நேரேஷன் இருக்கா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பெரியம்மாவையும் அத்தையையும் வரச்சொல்லி அந்த டின்னைக் கொட்டினோம். ஒரே சிரிப்பு, நடுநடுவுல அழுகை. நாப்பது போட்டோவுக்குப் பின்னால பென்சில்ல பேர் எழுதியாச்சு. பாட்டி தோள்ல கைபோட்டு நிக்கற ரெட்டை ஜடைப் பொண்ணு மட்டும் யாருன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல.

உங்க வீட்டு டின்னை இந்த வாரமே திறந்துடுங்க. சொல்றதுக்கு ஆள் இருக்கும்போதே.