எட்டாம் வகுப்போடு கைவிடும் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த கட்டாயக் கல்வி பற்றிய கட்டுரையைப் படித்தேன். 18 வயதுவரை கல்வியைக் கட்டாயமாக்கினால் படிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகளை வகுப்பறையில் அடைத்துவைப்பதாகிவிடும், இப்போது இருப்பதுபோல் 14 வயதோடு நிறுத்திக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. 14 வயதில் சட்டம் கையை விட்ட பிறகு அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

வேடசந்தூர் வட்டத்தில், சுற்றிலும் நூற்பாலைகள் இருக்கும் ஊர் எங்களுடையது. ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நான் உறுப்பினர். போன வருடம் ஏப்ரல் கடைசியில் எங்கள் தெருவில் கூலிவேலை செய்யும் அண்ணன் ஒருவர், "மகளோட ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காங்க, கூட வர்றியாம்மா?" என்று கேட்டார். போனேன். அது ஒரு தனியார் பள்ளி. அந்தப் பெண் எல்.கே.ஜி.யில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அங்கே சேர்ந்தவள். எட்டாம் வகுப்புவரை அவளுக்குக் கட்டணம் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சலுகை முடிந்துவிட்டதால் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருந்தார்.

"பத்தாவதுல எங்களுக்கு வருசா வருசம் நூறு சதவீதம். உங்க பொண்ணு கணக்குலயும் சயின்ஸ்லயும் தேறாது. இப்பவே டி.சி. வாங்கிட்டு வேற எங்கயாவது சேர்த்துடுங்க, அதான் அதுக்கும் நல்லது" என்றார் பொறுப்பில் இருந்தவர். குரலை உயர்த்தவில்லை. டி.சி.யை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். பள்ளியை விட்டு விலகும் காரணம் என்ற இடத்தில் "பெற்றோரின் வேண்டுகோளின்படி" என்று இருந்தது. நடத்தை: நன்று. எந்த வேண்டுகோளும் வைக்காத அந்தத் தகப்பன் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நான் நடையாய் நடந்தேன். அவளுக்கு இங்கிலீஷ் மீடியத்திலிருந்து மாறப் பயம். வெளியே அனுப்பப்பட்டதில் கூச்சம் வேறு. வீட்டில் வட்டிக் கடன். ஜூலையில் அவள் மில் வேனில் ஏறினாள். அப்போது அவளுக்கு 15 வயது.

இதையே எட்டாம் வகுப்பில் அந்தப் பள்ளி செய்திருந்தால் அது சட்டமீறல். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிரிவு அவளுக்குத் துணை வராது. கட்டணமும் வெளியேற்றமும் ஒரே கோட்டைத் தாண்டியதும் சேர்ந்து வருகின்றன. தற்செயல் இல்லை, சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

வேலைக்கு அனுப்பும் சட்டமும் இதே கோட்டில்தான் கதவைத் திறக்கிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்கு உட்பட்டவர்களை, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கோ சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்கள் மட்டுமே தடை. பள்ளியின் பொறுப்பு எங்கே முடிகிறதோ அங்கே முதலாளியின் அனுமதி தொடங்குகிறது. மேற்கு மாவட்டங்களிலும் எங்கள் திண்டுக்கல் பக்கமும் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் என்ன நடந்தது என்பது ஊரறிந்த கதை. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி மில்லில் உழைத்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லித்தான் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். புரோக்கர்கள் தேடி வந்தது இந்த வயதுப் பெண்களைத்தான்.

நம் நாட்டின் மற்ற சட்டங்களைப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தை. போக்சோ சட்டத்திலும் அப்படியே. பெண்ணுக்குத் திருமணம் 18க்கு முன் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வியை உரிமையாகவே தந்துவிட்டது. தேசியக் கல்விக் கொள்கை 2020இல் 3 முதல் 18 வயதுவரை என்று எழுதியது. ஆனால் அரசமைப்பின் 21ஏ பிரிவும் கல்வி உரிமைச் சட்டமும் இன்றும் 14இலேயே நிற்கின்றன.

தமிழ்நாடு நிறையச் செய்கிறது என்பதை மறுக்கமாட்டேன். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பஸ் பாஸ் உண்டு, பதினொன்றில் சைக்கிள் தருகிறார்கள். கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அந்த ஆயிரம் ரூபாய் எத்தனையோ வீடுகளில் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது பன்னிரண்டைத் தாண்டியவளுக்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தக் கதவு எட்டாது. சத்துணவும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பசிக்காதா? மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். "விதிமுறையில் இல்லை" என்று பதில் வந்தது. திட்டம் என்பது அரசு விரும்பும்வரை இருப்பது. உரிமை என்றால் அது நின்றுபோகும் அன்று நீதிமன்றத்தில் கேட்கலாம். 2025இல் மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. உரிமையாக இருந்ததால்தான் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிந்தது.

"படிப்பு ஏறாத பையனை என்ன செய்வது?" என்று கட்டுரையாளர் கேட்கிறார். 18 வயதுவரை எல்லோரும் இயற்கணிதம் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பின்லாந்து 2021இல் கட்டாயத்தை 18 வயதுவரை நீட்டித்தபோது தொழிற்பயிற்சியையும் அதில் சேர்த்தே கணக்கிட்டது. ஜெர்மனியில் தொழில் பழகும் பிள்ளை பட்டறையிலும் தொழிற்பள்ளியிலும் மாறி மாறிப் படிக்கிறது. இலங்கையும் 2016இல் 14ஐ 16 ஆக்கிவிட்டது. இங்கே எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு வெல்டர், வயர்மேன் பயிற்சியில் சேர அரசு ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன. அவற்றைக் கூட்டிக் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தால் போதும். அதற்கு மேல், பிள்ளையின் கூலியை நம்பியிருக்கும் வீட்டுக்கு மாத உதவித்தொகை வேண்டும். அது இல்லாமல் கட்டாயம் பேசுவது ஏழையைத் தண்டிப்பதில் முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெற்றோரைச் சிறையில் போடுவார்களோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை. இப்போதைய சட்டத்திலேயே பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. சேர்க்கை, வருகை, படிப்பு முடிப்பு மூன்றையும் உறுதிசெய்ய வேண்டிய பொறுப்பை 8ஆம் பிரிவு அரசின் தலையில்தான் வைக்கிறது. அதே பொறுப்பை இன்னும் நான்கு வருடம் சுமக்கச் சொல்கிறோம், அவ்வளவே.

1911இல் கோபால கிருஷ்ண கோகலே 6 முதல் 10 வயதுச் சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வி கேட்டு மசோதா கொண்டுவந்தார். அடுத்த வருடமே தோற்கடித்தார்கள். அரசமைப்பு 1950இல் பத்தே ஆண்டுகளில் 14 வயதுவரை எல்லோருக்கும் கல்வி என்றது. அது உரிமையாகி நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. இன்னொரு அறுபது வருடம் காத்திருக்க எங்கள் பிள்ளைகளால் முடியாது.

கல்வி 1976 முதல் பொதுப்பட்டியலில் இருக்கிறது. டெல்லியின் சட்டம் வருவதற்கு முன்பே, 1994இல், தமிழ்நாடு தனக்கென்று கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றியது. அந்தத் துணிவை இப்போதும் காட்டலாம். 18 வயதுவரையோ பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடிக்கும்வரையோ கல்வியை உரிமையாக்கவும், அதுவரை எந்தப் பள்ளியும் தேர்ச்சி விகிதத்துக்காக ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினால் அதன் அங்கீகாரத்தில் கைவைக்கவும், பதினொன்று, பன்னிரண்டுக்கும் சத்துணவு தரவும் வரும் சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே மசோதா கொண்டுவர வேண்டும் என்று முதல்வரையும் பள்ளிக் கல்வி அமைச்சரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
வேடசந்தூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்