குழாய் வந்தாற் கிணறு வேண்டாமோ?

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாதது யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கியாறு என ஒன்று உண்டெனினும், அது மாரியிற் பெருகி அராலிக் கடலில் வீழ்ந்து, கோடையில் வெறுந்தரையாய்க் கிடப்பது. ஆயினும் இம்மண்ணிற் புகையிலையும் வெங்காயமும் செழித்தன; ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நெருங்கின. கிணறே இதற்குக் காரணம் என்பதை யாவரும் அறிவர்.

2024 ஓகஸ்டில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரும் வகையில் அஃது அமைக்கப்பட்டுள்ளது. இதனை வரவேற்போம். ஆயின், “குழாய் வந்துவிட்டது, இனிக் கிணற்றைப் பற்றிய கவலை எதற்கு?” எனக் கற்றோரே பேசுகின்றனர். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று.

குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணக்கல். மழைநீர் அக்கல்லை நெடுங்காலமாகக் கரைத்து வெடிப்பும் குகையும் ஆக்கியுள்ளது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அவ்வெடிப்புகளின் வழியே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. இதனை மறுதலையாக நோக்குக: மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நின்றுவிடின், கீழுள்ள உவர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலைப் பலரும் வியந்து பார்த்து மீள்கின்றனர். வியப்பதற்கு அங்கே யாதுமில்லை. நம் நிலத்தடியின் இயல்பையே அது திறந்து காட்டுகின்றது.

துலாவில் இறைத்த காலத்தில் அளவு தானே அமைந்திருந்தது. துலா மிதிப்போர் கால் சோர்ந்தால், பட்டை பிடிப்போன் கை ஓய்ந்தால், கிணறும் ஓய்ந்து ஊறும். இயந்திரத்துக்கோ சோர்வில்லை. அதனைப் பழித்துத் துலாவுக்கு மீளுமாறு எவரையும் யாம் கூறவில்லை. துலா மிதித்து நெஞ்சு நொந்தவர் பிள்ளைகளே நம்முட் பலர். உடல் இட்ட எல்லை போனபின் அறிவு ஓர் எல்லை இட்டிருத்தல் வேண்டும். இடவில்லை என்பதே எம் முறைப்பாடு. (துலாக்கொடி, ஆடுகால் முதலிய சொற்களை வகுப்பிற் கேட்டால் மாணாக்கர் விழிக்கின்றனர். அது வேறு துயரம்.)

உவரினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத மாசு. தோட்டத்துக்கு மிகையாக இட்ட யூரியாவும், மலசலகூடக் குழிகளின் கசிவும், மெல்லிய செம்மண்ணைக் கடந்து நைத்திரேற்றாய் நீரிற் சேர்கின்றன. ஓர் இலீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் அஃது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைக்கு இந்நீர் உடல் நீலம் பாரிக்கும் நோயைத் தரவல்லது. கொதிக்கவைத்தாற் போதும் என எண்ணும் தாய்மார் பலர். கொதிப்பினாற் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது, நீர் ஆவியாகக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும்.

நம் உறுதிகளில் “கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்” என எழுதி, அரைக்காற் பங்குக்கும் வழக்காடுகின்றோம். கீழேயுள்ள சுண்ணக்கல் எந்த உறுதியையும் வாசித்ததில்லை. ஒருவர் வளவிற் கொட்டியது அயலார் குடத்தில் ஏறும். சுன்னாகத்தில் மின் நிலையச் சூழலிலிருந்து எண்ணெய் கசிந்து சுற்றியிருந்த கிணறுகளிற் கலந்ததைக் கண்டோம். 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தீர்ப்புப் பெற்றதற்கு மகிழலாம்; பணத்தைக் கொண்டு ஒரு கிணற்றைக் கழுவலாம், கல்லின் வெடிப்பைக் கழுவுதல் இயலுமோ?

தாளையடி நீர் குடிப்பதற்கு உதவும்; வெங்காயத் தறைக்குப் பாயாது. அதனை ஆக்குதற்கு மின்சாரம் ஓயாது வேண்டும். மின்சாரம் நின்ற நாளில் நாம் தேடி ஓடப்போவது கிணற்றையே. கைவிட்ட கிணறோ சில ஆண்டுகளிற் குப்பைக்குழியாகும். அக்குப்பையின் சாறு இன்னும் கைவிடாதோர் கிணற்றுக்குச் செல்லும்.

மழையை நிலத்தில் நிறுத்துதலே முதற்பணி. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல், ஆனையிறவுக் கடனீரேரியின் நன்னீரை வடமராட்சிக் கடனீரேரிக்குக் கொணரும் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை வகுத்தார். எழுபது ஆண்டு கடந்தும் அதனை முற்றாக நிறைவேற்றிப் பயன் கொண்டோமில்லை. அஃது அரசினர் கையிலுள்ளது. ஊர்க்குளத்தைத் தூரெடுப்பதற்கும், குளத்துக்கு வரும் வெள்ளவாய்க்காலை மதில் கட்டி மறிப்போரைத் தடுப்பதற்கும் பிரதேச சபையும் ஊரவரும் போதும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். வான்சிறப்பு அதிகாரத்தை மாணாக்கர் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். தம் பள்ளிக் கிணற்றின் நீர்மட்டம் எத்தனை அடி என்பதை அறியார். மாரிக்கு முன்னொருமுறை, பின்னொருமுறை, கயிறு விட்டு மட்டத்தை அளப்பித்து, உவரையும் நைத்திரேற்றையும் சோதிப்பித்து, ஊரார் காணப் பள்ளி வாயிலில் எழுதி வைக்கலாம். தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் கூடினால் வரும் புரட்டாதியிலேயே தொடங்கக்கூடிய வேலை இது.