அசல் படம் யார் கையில்?

தோல் கழிவுத் தொட்டியில் ஒரு தொழிலாளி இறந்தால், அந்தச் சாவைப் பதிவு செய்வது யார்? முதல் தகவல் அறிக்கையைக் காவல்துறை எழுதுகிறது. உடற்கூறாய்வு அறிக்கையை அரசு மருத்துவமனை தருகிறது. சிசிடிவி பதிவு முதலாளியிடம் இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு மிஞ்சுவது, உடன் வேலை செய்தவர் செல்போனில் எடுத்த நாலைந்து படங்கள்தான். அவற்றை நீதிமன்றம் ஏற்கும் நிலையில் காப்பாற்றி வைப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான் என்கிறேன்.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளிலும் தொட்டி வேலை இன்றும் பெரும்பாலும் தலித்துகள் தலையில்தான் விழுகிறது.

மக்கள் திரட்டும் ஆதாரத்துக்கு வலிமை உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாக எடுத்த கணக்கு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. ஆனாலும் பாலாற்று மாசு தீரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இன்று நம் கணக்கேடு செல்போன். ஆனால் சம்பவம் நடந்த அன்றே படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடுகிறோம். அங்கே படம் சுருங்குகிறது; எடுத்த நாள், நேரம், இடம் குறித்த தகவல்கள் உதிர்ந்துவிடுகின்றன. பிறகு நினைவகம் நிறைந்துவிட்டது என்று அசலை அழித்துவிடுகிறோம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆதாரத்துக்கு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. ஒன்றை ஆதாரம் தருபவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் எண் வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. படத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்தாலும், ஓரம் வெட்டினாலும் அது மாறிவிடும்.

ஆகவே அசலைத் தொடாதீர்கள். கேபிள் வழியாகவோ, வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆகவோ நகல் எடுங்கள். ஹாஷ் எண்ணை அன்றே குறித்து வையுங்கள். எடுத்தவர், கருவி, நாள் ஆகியவற்றையும் எழுதுங்கள். மனுவோடு இணைக்கும் நகலை மட்டும் சிறிதாக்குங்கள். 300 டிபிஐ தரத்தில் 6 அங்குல அகலத்துக்கு 1800 பிக்சல் வேண்டும். அதற்கு மேல் உள்ளதைக் குறைக்கலாம். அதற்குக் கீழே போனதைப் பெரிதாக்கினால் இல்லாத விவரம் வந்துவிடாது. நீள அகல விகிதத்தை மாற்றக் கூடாது. வெளிச்சம் கூட்டக் கூடாது. கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் குரோமியக் கழிவின் நீலப்பச்சையும் வெறும் சேறும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். வண்ண நகலே கொடுங்கள்.

இவ்வளவையும் செய்தாலும் ஒரு சுவர் நிற்கிறது. சான்றிதழின் இரண்டாம் பகுதிக்கு நிபுணரைத் தினக்கூலித் தொழிலாளி எங்கே தேடுவார்? முதலாளிக்கு அது ஒரு செலவுக் கணக்கு. சான்றிதழ் இல்லாமல் அசல் கருவியையே நீதிமன்றத்தில் ஒப்படைக்கலாம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டுக்கே ஒரு போன் என்றால் அதையும் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவில் பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை தருகிறது. அந்த உதவி வக்கீலோடு நிற்கக் கூடாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் நிபுணர் சான்றிதழையும் செலவில்லாமல் தர வேண்டும். இந்தக் கோரிக்கையை நம் சங்கங்கள் உடனே எழுத்தில் கொடுக்கட்டும். கணினி தெரிந்த தோழர்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய் ஹாஷ் எடுக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். அடுத்த சாவுக்குப் பிறகு என்று இதைத் தள்ளிப்போட வேண்டாம்.