பஜ்ஜிக் காகிதம்

சில மாதங்களுக்கு முன் ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் நான்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். பொட்டலக் காகிதத்தைப் படிக்கும் துர்ப்பழக்கம் எனக்கு உண்டு. அன்று கையில் கிடைத்தது ஒரு பால்வாடி டீச்சரின் முழு ஜாதகம். பெயர், வயது, விலாசம், ஆதார் எண், பாங்குக் கணக்கு எண், டெலிபோன் நம்பர். போதாக்குறைக்கு, 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்ற சான்றிதழின் விவரம். ஓரத்தில் ஓர் அலுவலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு. எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும்.

பழைய நாளில் சர்க்கார் காகிதங்களைக் கரையான் தின்றது. கரையானுக்குப் படிக்கத் தெரியாது. அந்த மட்டில் அது யோக்கியமான பிராணி.

இந்தப் பெண்கள் யார்? 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பித்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் முதுகெலும்பு. நாம் வேலைக்குப் போக, நம் குழந்தைகளுக்குச் சோறூட்டித் தூங்க வைக்கிறவர்கள். இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்வதற்கே 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு வரவேண்டியிருந்தது. 2021-இலிருந்து ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் போனில் 'போஷன் டிராக்கர்' என்ற செயலியில் ஏற்றும் வேலை வேறு. ஊர்க் குழந்தைகளின் விவரத்தையெல்லாம் பத்திரமாகக் காக்க வேண்டியவளின் சொந்த விவரம் பஜ்ஜிக் கடையில் எண்ணெய் குடிக்கிறது!

ஓர் அலுவலகக் குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். "பொது ஊழியர்களுக்கு என்ன சார் ரகசியம்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பாதி உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. எந்த மையத்தில் எந்த டீச்சர், சம்பளம் என்ன, எத்தனை இடம் காலி - இவை ஊருக்குத் தெரிய வேண்டியவை. ஊழியர் பட்டியலையும் மாதச் சம்பளத்தையும் அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமே சொல்லிற்று. ஆதார் எண் அந்த ரகமா? அதைப் பகிரங்கப்படுத்தக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டம் சொல்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். புருஷன் விட்டுப் போன சங்கதி எந்தப் பொதுக் காரியத்துக்கு வேண்டும்?

வேடிக்கை இனிமேல்தான். என் சிநேகிதர் ஒருவர், தம் பேட்டைப் பால்வாடியில் ஆறு மாதமாக டீச்சர் இல்லையே, யாரை நியமித்திருக்கிறீர்கள் என்று மனுப் போட்டார். 'தனிப்பட்ட தகவல், தர இயலாது' என்று பதில் வந்தது. தெருவுக்குத் தெரியக்கூடாதது பொட்டலமாகிறது. தெரிய வேண்டியது ரகசியமாகிறது.

சட்டமும் இந்தப் புத்திசாலித்தனத்துக்குத் துணை போகிறது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினார்கள். 2025 நவம்பரில் விதிகள் வந்தன. தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில், தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று செய்த திருத்தம் உடனே அமலுக்கு வந்தது. விவரத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்ற கடமைக்கு மட்டும் பதினெட்டு மாதம் தவணை! மூடுவதற்கு அவசரம், காப்பதற்கு அவகாசம். அந்தக் கடமையும் கம்ப்யூட்டரில் ஏறிய விவரத்துக்குத்தான். வெறும் காகிதத்தில் இருப்பதற்கு அல்ல. பொது நலனுக்காக வெளியிடலாம் என்று வேறோர் உட்பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதைத் தேடிப் பிடித்து நமக்கு நியாயம் வழங்கப் போகிறவர், மேலே சொன்ன குமாஸ்தாவின் அதிகாரி.

காகிதத்தில் இருந்த விலாசத்துக்குப் போனேன். அந்த அம்மாள் வாங்கிப் பார்த்தாள். முதலில் அந்தச் சான்றிதழ் வரியைத்தான் கட்டை விரலால் மறைத்துக்கொண்டாள்.

"கடையிலே எத்தனை பேர் படிச்சிருப்பாங்க சார்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "மேலே ஒரு மனுக் கொடுங்கள் அம்மா, நான் எழுதித் தருகிறேன்" என்றேன்.

"கொடுக்கலாம் சார். அதுக்கும் ஒரு ஆதார் ஜெராக்ஸ் கேப்பாங்களே!" என்றாள்.