ஆய்வாளர் ஊருக்குள் வரட்டும்

தமிழாய்ந்து முனைவர் பட்டம் பெற்றோர் இன்று ஊர்தோறும் உளர். அவர்தம் ஆய்வேடுகள் எங்கே உள்ளன என்று வினவுவோமாயின், பல்கலைக்கழக நூலகத்தின் நிலைப்பேழைகளில் கட்டடம் செய்யப்பெற்று உறங்குகின்றன என்பதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் விடை. அண்மைக் காலத்தில் அவை 'சோத்கங்கா' என்னும் மின்தொகுப்பிலும் ஏற்றப்படுகின்றன. (தமிழாய்வேடும் வடமொழிப் பெயர் சூடிய பெட்டிக்குள்தான் அடங்க வேண்டியிருக்கின்றது, அது நிற்க.) பேழையிலிருந்து பெட்டிக்கு மாறிற்றேயன்றி, அவ்வறிவு ஊருக்குள் வந்து சேர்ந்தபாடில்லை.

இக்குறை அவ்விளைஞரைச் சார்ந்ததன்று. நெறியாளர் ஒருவரும் புறத்தேர்வாளர் இருவருமாக மூவர் படிப்பதற்கென்றே பல்லாண்டு உழைத்து எழுதுமாறு அவர்கள் பயிற்றப்படுகின்றனர். நாலாமவர் ஒருவர்க்குத் தம் ஆய்வை எடுத்துச் சொல்லவோ, நாலாமவர் ஒருவரிடம் கேட்டறியவோ அவர்களுக்கு எவரும் கற்பிப்பதில்லை.

நெய்தற்றிணையை ஆய்வார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும் நூல்வழி அவர் அறிந்திருப்பார். நம் கடற்கரைகள் பலவற்றில் மீனவர் இன்றும் கொண்டல் என்கின்றனர்; வாடை என்கின்றனர். ஆனால் தென்காற்று அவர்க்குச் சோழகம், மேல்காற்று கச்சான். இரண்டு பெயர்கள் நின்றன, இரண்டு மாறின. ஏன் மாறின? எந்தக் கரையில் மாறின? எந்தக் காற்றில் எந்த மீன் படும், எந்தக் காற்றில் மரம் இறக்கலாகாது? இவற்றுக்கு விடை எந்த நூலகத்திலும் இல்லை. வலை பின்னிக்கொண்டிருக்கும் முதியவரிடம் இருக்கின்றது. அவரிடம் சென்று அமர்ந்து, அவர் பேச்சை இடைமறியாது கேட்டு, பிழையறப் பதிவு செய்வதும் ஒரு கலையே. அக்கலையைப் பயிலாதவர் அகநானூற்றை எத்துணை முறை ஓதினும், அவர் ஆய்வில் பாதி கரையிலேயே நின்றுவிடும்.

இது புதுவழியன்று. 1880-இல் குடந்தைக் கல்லூரியில் ஆசிரியராயமர்ந்த உ.வே. சாமிநாதர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்தார். அவர் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனாரிடம் முறையாகப் பாடங்கேட்டவர். ஆயினும் அந்நூலிலும் உரையிலும் வரும் சமணக் கருத்துகள் அவர்க்கு விளங்கவில்லை. ஆகவே குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார், கேட்டார், தெளிந்தார். 1887-இல் நூல் அச்சேறியது. கல்லூரியாசிரியர் ஒருவர் தம் சமயத்தவரல்லாத இல்லறத்தார்முன் மாணவராய் அமர்ந்திராவிடின், அப்பதிப்பு அத்துணைத் தெளிவோடு வந்திருக்குமா?

நூறாண்டு கழித்துக் கரிசல் மண்ணில் நிகழ்ந்ததையும் நோக்குக. பட்டம் ஏதும் பெறாத உழவர் கி. இராசநாராயணன் தம் வட்டாரச் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதியாக்கினார். புதுவைப் பல்கலைக்கழகம் பின்னர் அவரையே பேராசிரியராக அழைத்து அமர்த்திக்கொண்டது. அங்ஙனம் வாயிலைத் திறந்துவிட்ட பல்கலைக்கழகங்கள் எத்தனை? பாளையங்கோட்டையில் நா. வானமாமலையோ எந்தப் பல்கலைக்கழகத்தையும் எதிர்பாராமலே நெல்லை ஆய்வுக்குழுவைக் கூட்டி, கட்டுரையைப் படிக்கச் செய்து, அதன்மேல் சொற்போர் நிகழ்த்தி, 'ஆராய்ச்சி' என்னும் இதழில் அச்சேற்றி, ஆய்வாளர் பலரை உருவாக்கினார். ஊதியமும் இல்லை, பட்டமும் இல்லை, பயிற்சி மட்டும் முழுமையாக இருந்தது.

இங்கிலாந்தில் கலை, மாந்தவியல் துறைகளுக்கு நல்கை வழங்கும் குழு ஒரு முறையைக் கைக்கொண்டுள்ளது. அம்முறையில் பயிலும் ஆய்வு மாணவர்க்கு நெறியாளர் பல்கலைக்கழகத்தில் ஒருவர். அருங்காட்சியகத்திலோ நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ மற்றொருவர். ஆய்வோடு அந்நிலையத்தின் தொழிலும் மாணவர் கைக்கு வந்துவிடுகின்றது. அவர்கள் செய்வதனாலேயே நாமும் செய்ய வேண்டுமென்பதில்லை. ஆனால் நம் நிலைக்கு அது மிகவும் பொருந்தும். எங்ஙனமெனில், ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒரே வடிவாக நிற்கும். இவற்றைப் பிரித்தறியும் திறம் அச்சு நூலைப் படித்து வருவதன்று. ஓலையைக் கையிலேந்தி, வல்லார் அருகமர்ந்து பழகப் பழக வருவது. அவ்வல்லாரோ நாளும் அருகி வருகின்றனர். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகச் சுவடித்துறையிலோ, கல்வெட்டு மைப்படி எடுக்கும் தொல்லியல் துறையிலோ ஒவ்வோர் ஆய்வு மாணவரும் ஆறு திங்களேனும் பணியாற்றிக் கற்றல் வேண்டும். அனைவர்க்கும் பேராசிரியப் பணி கிடைக்கப் போவதில்லை என்பதை நாம் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் முனைவர்களின் துயரம் நாமறிந்ததே. சுவடி படிக்கவும், பதிப்பிக்கவும், அகராதி தொகுக்கவும், மொழிபெயர்க்கவும் வல்லவரானால் அவர்க்கு வேறு வாயில்களும் திறக்கும்.

பல்கலைக்கழக நல்கைக்குழு 2022-இல் வகுத்த நெறிமுறை, எத்துறை ஆய்வாளரும் கற்பித்தலிலும் எழுத்திலும் பயிற்சி பெறவேண்டும் என்கின்றது; கிழமைக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைப் பணியும் அவர்க்குத் தரலாம் என்கின்றது. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாலன்றி ஆய்வேட்டை அளித்தல் இயலாது என்றிருந்த கட்டாயமும் அப்பொழுதே நீங்கிற்று. பணங்கட்டி அச்சிடும் இதழ்களை வளர்த்ததன்றி அக்கட்டாயத்தால் தமிழுக்கு விளைந்தது சிறிதே, போனது நன்று. அவ்விடத்தில் வேறொன்றை வைக்கக் கேட்கின்றோம். ஆய்வேட்டோடு நாற்பது பக்க அளவில், எளிய நல்ல தமிழில், யார்க்கும் விளங்கும் சிறுநூல் ஒன்றையும் மாணவர் அளிக்கட்டும். செய்தி தந்த ஊரிலேயே, செய்தி தந்தோர் முன்னிலையில், அது படிக்கப்படட்டும். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று வலைஞர் ஒருவர் எழுந்து மறுப்பாராயின், அதனினும் தக்க வாய்மொழித் தேர்வு வேறென்ன இருக்கின்றது? கொண்ட அறிவைக் கொடுத்தவர்க்கே திருப்பித் தருவது கடன்; ஈகையன்று.

எம்போல்வார் பள்ளியில் நெய்தற் பாட்டைக் கற்பிக்கும்பொழுது கையிலிருப்பது பாடநூலும் ஒரு பழைய உரையுமே. அதே பாட்டைப்பற்றிப் பல்லாண்டு ஆய்ந்தவர் பக்கத்து நகரிலேயே இருக்கக்கூடும். அவர் இருப்பதை யாமறியோம், எம் வகுப்பு இருப்பதை அவரறியார். இதற்கு அரசாணை வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை. இவ்விதழைப் படிக்கும் ஆய்வாளர்கள், தம் ஊர்ப் பள்ளித் தமிழாசிரியர்க்கு ஒரு மடல் எழுதட்டும். தாம் ஆய்ந்த பொருள் இன்னது, இன்ன கிழமையில் வர இயலும் என்று இரண்டே வரி போதும். ஆசிரியராயிருக்கும் அன்பர்களோ மடல் வருமளவும் காத்திராமல், அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறைக்குத் தாமே சென்று, அங்கே யார் எதனை ஆய்கின்றார் என்று கேட்டுவரலாம்.