ஜேர்மன் சொற்களும் நமது குருக்களும்

1983க்குப் பின் நம்மவர் பலர் ஜேர்மனியில் தஞ்சம் புகுந்தனர். உங்களில் சிலருடைய பேரப்பிள்ளைகள் அங்கேதான் பிறந்தவர்கள். ஆவணி மாதத்தில் கெவெலார் மாதா திருத்தலத்தில் அவர்கள் தமிழில் செபிப்பார்கள். பாவசங்கீர்த்தனம் என்று வந்தால் பலருக்கு ஜேர்மன் மொழிதான் வாயில் வரும். அதைக் கேட்கப் போகும் குருவானவர் வெறும் சொற்பட்டியலை மனனம் செய்துகொண்டு போனால் போதாது என்பது என் கருத்து.

'மெஸ்ஸே' என்றால் திருப்பலி. வர்த்தகக் கண்காட்சியும் அதுவே. பிராங்க்பேர்ட்டில் அந்தப் பெயருள்ள நிலையத்தில் இறங்கிக் கோவிலைத் தேடினால் கண்காட்சி மண்டபங்களைத்தான் காணலாம்! இது சிரிப்போடு போகும். 'ஆபென்ட்மால்' அப்படியல்ல. லுத்தரன் சபையார் தம் திருவிருந்தை அவ்வாறு அழைப்பர்; கத்தோலிக்கர் நற்கருணை வழிபாட்டுக்கு 'ஒய்காரிஸ்டி' என்பர். மாற்றிச் சொன்னால் எந்தச் சபைக் குரு என்ற சந்தேகம் எழும்.

கர்த்தர் கற்பித்த செபத்தில் வரும் 'ஷுல்ட்' என்ற சொல்லையே எடுங்கள். குற்றமும் அதுவே, கடனும் அதுவே. மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலும் கடன் என்றே இருக்கிறது. வட்டிக்கு வாங்கி விதைத்து, விளைந்ததை விட்டு ஓடிவந்த உங்களுக்கு இதன் கனம் விளங்கும். அகராதியில் ஒரு பொருளை மட்டும் படித்தவருக்கு விளங்காது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜேர்மன் போதகர் சீகன்பால்க், சிறுபிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் பழகினார். நமது குருக்களும் அங்கே ஒரு வருடம் முதல் நன்மை வகுப்பின் பின்வாங்கில் இருக்கட்டும்.