அரசனை மறந்து வீரனைத் தொழுதோர்

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டார். அவர் எடுப்பித்த மஹால் இன்றும் நிற்கின்றது. ஆயினும் நோர்வூட் முதலிய தேயிலை மலைகளிலே அவரை நினைப்பார் இலர். கள்ளரை அடக்கி அவருக்கு உதவியும், வெள்ளையம்மாளை விரும்பியதனால் அவராணையாற் கைகால் வெட்டுண்டதாகக் கதை கூறும் மதுரைவீரனுக்கே இம்மலைகளிற் பூசை நிகழ்கின்றது.

சீனரும் இவ்வியல்பினரே. லியாங்ஷான் சதுப்பிற் கூடிய 108 கலகக்காரரையும், விண்ணுலகைக் கலக்கிய குரங்கரசனையும் அவர்கள் கொண்டாடுவர்.

காரணம் யாது? அநியாயமாய் மாண்டோரின் ஆவிக்கு அஞ்சியே என்பர் சிலர். அச்சம் படையலைத் தரும். விடியுமளவும் விழித்திருந்து கேட்கும் ஆர்வத்தைத் தருமோ? வென்றவனுக்குச் சாசனமும் புலவரும் உண்டு. வீழ்ந்தவன் தன் வழக்கை எங்கே உரைப்பது? கதையிலேதான். 1940 இல் முல்லோயாத் தோட்டத்திலே பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனை மலையகம் அறியும். சுட்டவர் பெயரை எத்தனைபேர் அறிவர்?

ஒன்றுமட்டும் நெஞ்சை உறுத்துகின்றது. செருப்புத் தைப்போர் வளர்த்த அவ்வீரனை, காட்டில் விடப்பட்ட காசியரசன் மகன் என்று பாடங்கள் பல கூறும். முத்துப்பட்டன் மணந்த பெண்களையும் இவ்வாறே பிராமணக் குலத்திற் பிறந்தவராக்கினர். உயர்குலத்தோர் மனம் ஆறும்பொருட்டுப் பின்னாளில் ஒட்டிய ஒட்டுக்கள் இவை என்பதே என் துணிபு. நம் கல்லூரி மாணவர் இக்கதையை ஆடுங்கால், காசிக் காட்சியை நீக்கி, வளர்த்தோரையே பெற்றோராக்கி மேடையேற்றுவாராக.